மூன்று நோடு வைத்துவிட்டால் போதுமா? டேட்டாபேஸ் க்ளஸ்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு டேட்டாபேஸ் சர்வர் படுத்தால் எல்லாமே படுத்துவிடுகிறதே என்ற பயத்தில்தான் பெரும்பாலானோர் க்ளஸ்டர் பக்கம், அதாவது ஒரே டேட்டாவை வைத்திருக்கும் சர்வர் கூட்டத்தின் பக்கம் வருகிறோம். பயம் நியாயமானது. ஆனால் மூன்று சர்வரைக் கோத்துவிட்ட மறுநாளே, இது என்றைக்கும் சாகாத ஒரே பெரிய சர்வர் என்று நினைக்க ஆரம்பித்துவிடுகிறோம். கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி அந்த நினைப்பிலிருந்து பிறந்தவை. உண்மையில் அங்கே இருப்பவை, ஒவ்வொரு கமிட்டுக்கும் (மாற்றத்தை உறுதியாக்கும் கட்டளை) தங்களுக்குள் பேசி ஒத்துப்போக வேண்டிய மூன்று தனித்தனி சர்வர்கள். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு நோடு. பேச நேரம் பிடிக்கும். சில சமயம் பேச்சே அறுந்துபோகும்.

மரியாடிபி என்ற டேட்டாபேஸோடு ஓடும் கலேரா என்ற க்ளஸ்டர் மென்பொருளை வைத்தே சொல்கிறேன். என் கைக்குப் பழகியது அதுதான். மற்ற க்ளஸ்டர்களில் பெயர்கள் மாறும், சிக்கல்கள் பெரிதாக மாறாது.

வேகம் போதவில்லை என்று நோடு சேர்ப்பது

கலேராவில் எல்லா நோடிலும் முழு டேட்டாவும் இருக்கும். எந்த நோடில் எழுதினாலும், அதே ரைட்டை (எழுதும் வேலையை) மற்ற எல்லா நோடும் செய்தாக வேண்டும். அதனால் நோடு கூடக் கூட படிக்கும் திறன் கூடும், எழுதும் திறன் கூடாது. சில சமயம் குறையவும் செய்யும். காரணம், கூட்டத்திலேயே மெதுவான நோடுதான் வேகத்தை முடிவு செய்கிறது. ஒரு நோடால் ஈடுகொடுக்க முடியாமல் அதன் வரிசையில் வேலை தேங்கினால், 'கொஞ்சம் நில்லுங்கள்' என்று அது மற்றவர்களுக்குச் சொல்லும். இதற்குப் பெயர் ஃப்ளோ கன்ட்ரோல். இயல்பாக இந்த வரம்பு வெறும் 16 ரைட் செட்களை (ஒரு கமிட்டின் மாற்றங்கள் சேர்ந்த மூட்டை) ஒட்டியே இருக்கும். மூன்றில் ஒன்றுக்கு மட்டும் பழைய சுழலும் டிஸ்க் போட்டுவிட்டு, மற்ற இரண்டுக்கு வாங்கிய புது எஸ்எஸ்டி ஏன் உழைக்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். டபிள்யூஸ்ரெப் ஃப்ளோ கன்ட்ரோல் பாஸ்டு என்ற ஸ்டேட்டஸ் மதிப்பைப் பாருங்கள். அது 0.2 என்று காட்டினால், அளந்த நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் க்ளஸ்டர் கைகட்டி நின்றிருக்கிறது.

தூரத்தையும் மறக்கக் கூடாது. ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். இரண்டு டேட்டா சென்டருக்கு நடுவே 1,000 கிலோமீட்டர் ஃபைபர் இருந்தால், போய்வரக் குறைந்தது 10 மில்லிசெகண்ட். எந்த வன்பொருள் வாங்கினாலும் இது குறையாது. ஒரே வரிசையை (ரோ) எல்லோரும் மாற்றும் டேபிள் உங்களிடம் இருந்தால், உதாரணமாக ஒரு எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகும் கவுன்ட்டர், ஒவ்வொரு கமிட்டும் ஒருமுறை போய்வரக் காத்திருப்பதால் அந்த வரிசையை நொடிக்கு 100 முறைக்கு மேல் மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, நான்கு என்று இரட்டைப்படையில் நிறுத்துவது

செலவை மிச்சம் பிடிக்க இரண்டு நோடு க்ளஸ்டர் போடுவார்கள். ஒரு நோடு மின்சாரம் போய் சட்டென்று செத்தால், மிச்சமுள்ள நோடுக்கு ஒன்றுதான் தெரியும்: எதிரில் இருப்பவரிடமிருந்து சத்தமில்லை. அவர் செத்துவிட்டாரா, அல்லது நடுவில் உள்ள கேபிள்தான் அறுந்ததா, அதனால் கண்டுபிடிக்கவே முடியாது. பாதிக்கு மேல் பெரும்பான்மை இல்லாததால், உயிரோடிருக்கும் அந்த நோடும் கேட்கும் எல்லா குவரிக்கும் 1047 என்ற பிழையைக் கொடுத்து ஒதுங்கிவிடும். ஒரு சர்வரில் ஓடியதைவிட நிலைமை மோசம். இப்போது இரண்டில் எது செத்தாலும் சேவை நிற்கும்.

இந்த இடத்தில்தான் இணையத்தில் தேடி, பெரும்பான்மையைப் பொருட்படுத்தாதே என்று சொல்லும் செட்டிங்கை எடுத்துப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். கேபிள்தான் அறுந்தது என்றால், இரண்டு பக்கமும் தானே முதலாளி என்று எழுத ஆரம்பிக்கும். ஒரே ஐடி இரண்டு பக்கமும் வேறு வேறு ஆளுக்குப் போகும். பிறகு சேர்த்துவைக்க எந்தக் கருவியும் உதவாது. உட்கார்ந்து ஒவ்வொரு வரிசையாக ஒப்பிட வேண்டியதுதான். மூன்றாவது சர்வருக்கு வழியில்லை என்றால், டேட்டா வைத்துக்கொள்ளாமல் ஓட்டு மட்டும் போடும் கலேரா ஆர்பிட்ரேட்டரை ஒரு சிறிய மெஷினில் ஓடவிடுங்கள்.

நான்கு நோடும் ஏமாற்றும் கணக்குதான். ஒரே நேரத்தில் இரண்டு செத்தால் மிச்சம் சரிபாதி, பெரும்பான்மை இல்லை. ஆக மூன்று நோடு தாங்குவதும் ஒரு சாவைத்தான், நான்கு தாங்குவதும் அதே ஒன்றைத்தான். இரண்டு டேட்டா சென்டரில் மூன்றும் இரண்டுமாகப் பிரித்தால், மூன்று இருக்கும் இடம் போனவுடன் மற்ற இடமும் நின்றுவிடும். ஓட்டுப் போட மூன்றாவது இடம் ஒன்று வேண்டும். மூன்று வெர்ச்சுவல் மெஷினையும் ஒரே வன்பொருளில் ஏற்றி வைத்திருப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இணைப்பு அறுவது சில நொடிதானே என்பவர்களுக்கு, கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப் 2018 அக்டோபர் 21 அன்று பட்ட பாட்டைச் சொல்வேன். அவர்கள் ஓட்டியது கலேரா அல்ல, ரைட்டை ஏற்கும் தலைமை சர்வரைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் மைஎஸ்க்யூஎல் அமைப்பு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு நெட்வொர்க் சாதனத்தை மாற்றும்போது இணைப்பு அறுந்தது வெறும் 43 நொடி. அதற்குள் தலைமை மேற்குக் கரைக்குப் போய்விட்டது. கிழக்கில் கடைசிச் சில நொடிகளில் எழுதியவை மேற்குக்குப் போய்ச் சேரவில்லை; மேற்கில் புதிதாக எழுதியவை கிழக்கில் இல்லை. டேட்டாவைக் காப்பாற்றுவதே முக்கியம் என்று முடிவெடுத்து, எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவர 24 மணி 11 நிமிடம் ஆனது. அவசரப்பட்டு ஒரு பக்கத்து டேட்டாவைத் தூக்கிப் போடாமல், தங்களுக்கு நேர்ந்ததை விவரமாக எழுதியும் வைத்தார்கள். அதற்காக அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

அப்ளிகேஷன் கோடை அப்படியே விட்டுவிடுவது

ஒற்றைச் சர்வரில் ஓடிய கோடு க்ளஸ்டரிலும் ஓடும். தப்பாக ஓடும், அதுதான் பிரச்சினை. ஒரு பொருள் கையிருப்பில் ஒன்றே ஒன்று இருக்கிறது. முதல் நோடில் ஒருவர் அந்த வரிசையை செலக்ட் ஃபார் அப்டேட் என்று பூட்டி, ஒன்றைப் பூஜ்யமாக்குகிறார். அதே கணத்தில் இரண்டாவது நோடில் இன்னொருவரும் அதையே செய்கிறார். பூட்டு அந்தந்த நோடுக்குள் மட்டும்தான். அதனால் இருவரின் அப்டேட்டும் வெற்றி. கமிட் போடும்போதுதான் நோடுகள் பேசிக்கொள்கின்றன. முந்தியவருக்குக் கிடைக்கும், பிந்தியவருக்கு 1213 என்ற டெட்லாக் பிழை வரும். அந்தப் பிழை கமிட்டிலேயே வரலாம் என்று கோடு எழுதியவர் எதிர்பார்க்கவில்லை. அப்டேட் சரியாகப் போனதும் 'ஆர்டர் உறுதி' என்று மெயில் அனுப்பிவிட்டார். டேட்டாபேஸில் தவறே இல்லை, வாடிக்கையாளரிடம் சொன்னது பொய்யாகிவிட்டது.

கமிட் திரும்பி வரும்வரை வெளியே எதுவும் சொல்லக் கூடாது. 1213 வந்தால் கடைசி வரியை மட்டும் அல்ல, முதலில் படித்த இடத்திலிருந்து முழு டிரான்சாக்ஷனையும் (ஒரே கமிட்டில் முடியும் வேலைத்தொடர்) மறுபடி ஓட்ட வேண்டும். அல்லது நடுவில் நின்று இணைப்புகளைத் திருப்பிவிடும் ப்ராக்ஸி வைத்து எல்லா ரைட்டையும் ஒரே நோடுக்கு அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே சொன்னபடி ரைட்டைப் பரப்புவதில் லாபம் இல்லை என்பதால், நான் எப்போதும் இதைத்தான் செய்கிறேன். லாக் டேபிள்ஸ், கெட் லாக் என்ற பூட்டுக் கட்டளைகள் இரண்டும் க்ளஸ்டர் முழுக்கச் செல்லாது. ஒரு வேலை ஒரே இடத்தில்தான் ஓட வேண்டும் என்று அவற்றை நம்பியிருந்தால் மாற்றுங்கள்.

ஒரு நோடில் எழுதியதை அடுத்த நொடியே இன்னொரு நோடில் படித்தால் பழையது வரலாம். புதியது கட்டாயம் வேண்டிய குவரிகளுக்கு மட்டும், படிக்கும் முன் காத்திருக்கச் செய்யும் டபிள்யூஸ்ரெப் சிங்க் வெயிட்டை இயக்குங்கள். எல்லாவற்றுக்கும் போட்டால் வேகம் போகும். தானாகக் கூடும் ஆட்டோ இன்க்ரிமென்ட் எண்கள் தாண்டித் தாண்டி வரும். ஐடி வரிசையை நேர வரிசையாக நினைக்காதீர்கள். வரிசையைத் தனித்து அடையாளம் காட்டும் ப்ரைமரி கீ இல்லாத டேபிளும், பழைய மையைசம் வகை டேபிளும் க்ளஸ்டருக்குள் வரவே கூடாது.

ஆல்ட்டர், பெரிய டெலீட்

டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்ட்டர் டேபிள் கட்டளை, இயல்பான முறையில் எல்லா நோடிலும் ஒரே சமயத்தில் ஓடும். அது முடியும்வரை க்ளஸ்டர் முழுக்க ரைட் காத்திருக்கும். பெரிய டேபிள் என்றால் ஆன்லைன் ஸ்கீமா சேஞ்ச் கருவியைப் பயன்படுத்துங்கள். பத்து லட்சம் வரிசையை ஒரே டெலீட்டில் அழிப்பதும் அப்படித்தான். அது ஒரே மூட்டையாக எல்லா நோடுக்கும் போய் அங்கே வழியை அடைக்கும். ஆயிரம் ஆயிரமாக அழியுங்கள்.

ஜிகேஷ் அளவை அப்படியே விடுவது

ஒரு நோடை நிறுத்தி பேட்ச் போட்டுத் திரும்பக் கொண்டுவரும்போது, விட்டுப்போன ரைட்கள் மட்டும் வந்தால் சில நிமிடத்தில் சேர்ந்துவிடும். அவை மற்ற நோடின் ஜிகேஷில் (அண்மை ரைட்களைச் சேர்த்து வைக்கும் இடம்) இன்னும் இருக்க வேண்டும். இயல்பான அளவு 128 எம்பி. நொடிக்கு 1 எம்பி எழுதும் க்ளஸ்டரில் இது இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். அதைத் தாண்டினால் முழு டேட்டாவையும் நகலெடுக்க வேண்டும். ஆர்சிங்க் என்ற கோப்பு நகல் முறை என்றால் கொடுக்கும் நோடும் அதுவரை ரைட்டுக்கு முடங்கும். இரண்டு மணி நேரப் பராமரிப்புக்கு அதே வேகத்தில் 7.2 ஜிபி வேண்டும், 10 வையுங்கள்.

க்ளஸ்டரை பேக்கப் என்று நினைப்பது

தவறுதலாக அடித்த, டேபிளையே அழிக்கும் டிராப் டேபிளும் ஒரு கட்டளைதான். மூன்று நோடும் அதை உண்மையாக நிறைவேற்றும். கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தப்பான சர்வரில் டேட்டா ஃபோல்டரை அழித்தபோதுதான், தினசரி பேக்கப் பதிப்பு முரணால் ஓடவே இல்லை என்பது தெரியவந்தது. பேக்கப்பைத் தனி மெஷினில் மீட்டுப் பார்க்காதவரை அது இருப்பதாக எண்ணாதீர்கள்.

எல்லாம் அணைந்து மீண்டும் எழும் நேரம்

அதிகம் டேட்டா பறிபோவது இந்த நேரத்தில்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். மின்சாரம் போய் மூன்று நோடும் ஒன்றாக அணைந்துவிட்டன. திரும்ப எழுந்ததும் மூன்றும் ஒன்றையொன்று கண்டுபிடித்துத் தாமாகச் சேராவிட்டால், ஒன்றை நாம் தேர்ந்தெடுத்து முதல் நோடாகத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு நோடின் டேட்டா ஃபோல்டரிலும் கிராஸ்டேட் என்ற சின்னக் கோப்பு இருக்கும். ஒழுங்காக அணைத்திருந்தால், கடைசியாக அணைந்த நோடில் 'சேஃப் டு பூட்ஸ்ட்ராப்: 1' என்று இருக்கும், வேலை சுலபம். திடீரென்று அணைந்தால் மூன்றிலும் 0. சீக்நோ (கடைசி ரைட்டின் வரிசை எண்) என்ற இடத்தில் மைனஸ் 1. எந்த நோடு கடைசிவரை எழுதியது என்று கோப்புக்கே தெரியவில்லை என்று பொருள்.

அவசரத்தில் முதலில் கைக்குக் கிடைத்த நோடில் அந்த 0-ஐ 1 ஆக்கித் தொடங்கிவிடுவார்கள். அது பின்தங்கிய நோடாக இருந்தால், முன்னால் இருக்கும் நோடு சேர மறுக்கும். உன் எண் கூட்டத்தின் எண்ணைவிடப் பெரியது, டேட்டா இழப்பைத் தவிர்க்க நிறுத்துகிறேன், தொடர விரும்பினால் கிராஸ்டேட் கோப்பை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கு என்று லாகில் (சர்வரின் பதிவுக் கோப்பில்) எழுதும். சேவை நின்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், கடைசிப் பாதி மட்டும்தான் கண்ணில் படும். கோப்பை நீக்குவார்கள். அந்த நோடு பின்தங்கிய நோடிலிருந்து முழு நகல் வாங்கி, தன்னிடம் மட்டும் இருந்த கடைசி ரைட்களைத் தானே அழித்துக்கொள்ளும்.

மூன்று நோடிலும் டபிள்யூஸ்ரெப் ரெகவர் ஆப்ஷனோடு சர்வரை ஒருமுறை ஓட்டினால், இன்னோடிபியில் (டேட்டாவைச் சேமிக்கும் பகுதி) பதிந்திருக்கும் கடைசி எண் லாகில் வரும். மூன்று எண்ணையும் தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் இருக்கும் யூயூஐடி (க்ளஸ்டரின் அடையாளக் குறி) மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். எண் பெரிதாக உள்ள நோடில் மட்டும் 1 போட்டு, கலேரா நியூ க்ளஸ்டர் கட்டளையால் தொடங்குங்கள். மற்றவற்றை வழக்கம்போல் ஒவ்வொன்றாக, முதலில் வந்தது சிங்க்டு (முழுதும் ஒத்துப்போன) நிலைக்கு வந்த பிறகே அடுத்ததை. புதிய க்ளஸ்டர் கட்டளையை இரண்டாவது நோடில் மறந்தும் அடிக்காதீர்கள், ஒன்றையொன்று அறியாத இரண்டு க்ளஸ்டர் பிறந்துவிடும்.

இதை டெஸ்ட் மெஷின்களில் செய்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். மூன்று வெர்ச்சுவல் மெஷின் ஏற்றி, ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டே இருக்கும்போது மூன்றையும் சில நொடி இடைவெளியில் பவர் ஆஃப் செய்யுங்கள். பிறகு மேலே சொன்னபடி எண்களைப் பார்த்து எழுப்பி, ஸ்கிரிப்ட் கடைசியாக கமிட் ஆனதாகச் சொன்ன வரிசை டேபிளில் இருக்கிறதா என்று தேடுங்கள்.