பழைய அச்சுப் படத்துக்குச் சட்டம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் லண்டனில் பழைய அச்சுப் படங்கள் விற்கும் சந்தை ஒன்றில், ஓர் இளைஞர் தான் புதிதாகச் சட்டம் போட்ட படத்தை எடுத்துக் காட்டினார். ஓவியர் ஃபிரெடரிக் லெய்ட்டனின் உருவப்படம். 'வேனிட்டி ஃபேர்' வார இதழில் 1872 ஜூன் 29 அன்று வந்த வண்ணக் கல்லச்சுப் படம், அதாவது கல்லில் வரைந்து அச்சிட்டது. வரைந்தவர் ஜேம்ஸ் டிஸ்ஸோ. நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியதும் இதே படம்தான். அன்று அதற்கு நான் செய்ததையே அவரும் செய்திருந்தார். பார்த்ததும் வயிறு எரிந்தது.

வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது, ஈரச் சுவர் ஆகாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

சட்டத்தை வைத்துப் படத்தின் வயதைக் கணிப்பது

பழைய சட்டத்தில் புதுப் படத்தைச் செருகப் பத்து நிமிடம் போதும்.

லென்ஸ் இல்லாமல் வாங்குவது

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். கல்லச்சில் புள்ளிகள் மணலைத் தூவியது போல ஒழுங்கில்லாமல் இருக்கும். இன்றைய ஆஃப்செட் மறுபதிப்பில் அவை வரிசை பிடித்து, சின்னச் சின்னப் பூ வட்டங்களாகத் தெரியும்.

ஓரத்தை வெட்டுவது

இதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

கடையில் தயாராக இருந்த சட்டத்துக்குள் என் படம் அடங்கவில்லை. மேலும் கீழும் கொஞ்சம் ஓரம் எடுத்தால் சரியாகிவிடும், படத்தின் மேல் கத்தி படாது என்றார் கடைக்காரர். சரி என்றேன். மேலே அரை அங்குலம், கீழே முக்கால் அங்குலம். லெய்ட்டனின் தாடிக்கும் கருப்பு விருந்து உடைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு எடுத்து வந்து மாட்டியபோது மனசு நிறைந்துதான் இருந்தது.

போனது என்ன என்று பிறகுதான் புரிந்தது. இந்தப் படத்தில் லெய்ட்டனின் பெயர் எங்கும் அச்சாகியிருக்காது. இதழின் பெயரும் தேதியும், 'எழில் தேவியருக்கு ஒரு படையல்' என்ற பொருளில் ஒரு தலைப்பு வரியும், பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஓரத்தில் இருக்கும், அவ்வளவுதான். ஆள் யார் என்ற விவரம் இதழில் கூடவே வந்த கட்டுரைப் பக்கத்தில்தான். ஓரம் போய்விட்டால் அது யாரோ ஒரு தாடிக்காரர் படம். சில வருடம் கழித்து விற்கக் கொண்டுபோனபோது, வியாபாரி விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார்.

இன்னொரு கேடும் உண்டு. அந்த இளைஞர் படத்தின் பின்னால் 'லார்ட் லெய்ட்டன், ராயல் அகாடமி தலைவர், 1872' என்று சீட்டு ஒட்டியிருந்தது. ராயல் அகாடமி என்ற லண்டன் கலைஞர் அமைப்புக்கு லெய்ட்டன் தலைவரானது 1878இல். லார்ட் பட்டம் வந்தது 1896 ஜனவரியில், இறப்பதற்கு முந்தைய நாள். ஓரம் இருந்திருந்தால் அச்சான தேதியைக் காட்டி, சீட்டு பின்னாளில் யாரோ எழுதியது என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டேன். கடையிலேயே விட்டுவிட்டாராம்.

சட்டம்தான் படத்துக்கு ஏற்றபடி வர வேண்டும். அளவெடுத்துச் செய்தால் கூடுதல் செலவுதான், ஆனால் செய்யுங்கள். படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் சன்னலையும் தலைப்பு வரி வெளியே தெரியும்படி வெட்டச் சொல்லுங்கள்.

செலோடேப்

வேண்டவே வேண்டாம்.

பழுப்புப் புள்ளிகளை வீட்டிலேயே வெளுப்பது

கறையோடு வண்ணமும் போகும். பழைய காகிதத்தைப் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

அட்டையோடு ஒட்டிவிடுவது

பலகை போல நேராக நிற்கும் என்று பின்பக்கம் முழுக்கப் பசை தடவுகிறார்கள். அப்புறம் பிரிக்கப் போனால் காகிதம் தோல் தோலாக உரியும். படத்தை அட்டையில் தொங்கவிட ஜப்பானியக் காகிதத்தில் இரண்டு சின்னக் கீல்கள், கோதுமை மாவுப் பசை, அமிலமில்லாத அட்டை, இவை போதும். படம் கண்ணாடியைத் தொடக் கூடாது. மவுண்டின் கனம் அந்த இடைவெளியைக் கொடுக்கும்.

கட்டுரைப் பக்கத்தைத் தூக்கி எறிவது

வெறும் எழுத்துதானே என்று எறிந்துவிடுகிறார்கள். அதே லெய்ட்டனை நான் இரண்டாம் முறை, முழு ஓரத்தோடு வாங்கியபோது அந்தப் பக்கமும் கூடவே கிடைத்தது. அமிலமில்லாத உறையில் போட்டுச் சட்டத்தின் பின்னாலேயே வைத்திருக்கிறேன்.