பின்காலனியமும் குயர் கோட்பாடும்: சேர்த்து வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலனிய ஆட்சி விட்டுச்சென்ற தாக்கங்களை ஆராயும் பின்காலனியக் கோட்பாடு, பாலினம், பாலியல் பற்றிய வழக்கமான வகைப்பாடுகளைக் கேள்விக்குள்ளாக்கும் குயர் கோட்பாடு இரண்டையும் துணைக்கொண்டு ஒரு நாவலை அணுகுபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, அந்த நாவலை இரு பாதியாகப் பிரித்துக்கொள்வதாகும். ஒரு பாதியில் காலனியம், இனம், தேசம் பற்றிப் பேசுவார்கள். மறு பாதியில் பாலினமும் இச்சையும் வரும். முடிவில் ‘இரட்டை ஒடுக்குமுறை’ என்ற தொடரால் இரண்டும் ஒட்டப்படும். காலனிய அதிகாரமே பாலினம் பற்றிய கருத்துகளின் வழியாக இயங்கியது என்பது இதில் மறைந்துபோகிறது. ஆங்கிலேயரை ஆண்மை மிக்கவராகவும் படித்த வங்காளியரை ஆண்மை குன்றியவராகவும் காட்டிய பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பேச்சு, ஆளத் தகுதியுள்ளவர் யார் என்ற அரசியல் கேள்விக்கு விடையாகப் பயன்பட்டதை வரலாற்றாய்வாளர் மிருணாளினி சின்ஹா 1995இல் வெளிவந்த தம் ஆய்வில் விரிவாகக் காட்டினார். அந்த இழிவுக்கு மறுமொழியாகத் தேசியவாதிகள் பலர் ஆட்சியாளரின் ஆண்மை இலட்சியத்தையே தமதாக்கிக்கொண்டதைச் சிந்தனையாளர் ஆஷிஸ் நந்தி 1983இலேயே சுட்டியிருந்தார்.

இலங்கையில் பிறந்த எழுத்தாளர் ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ (1994) என்ற ஆங்கில நாவலில் வரும் பள்ளி விழாவை இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். கொழும்புத் தமிழ்ச் சிறுவன் அர்ஜியை ‘ஆணாக்க’ வேண்டும் என்றே தந்தை விக்டோரியா அகாதமியில் சேர்க்கிறார். பள்ளியையும் கிரிக்கெட்டையும் போற்றும் ஹென்றி நியூபோல்ட்டின் இரு ஆங்கிலக் கவிதைகளை மேடையில் ஒப்பிக்கும்படி தலைமையாசிரியர் அவனைப் பணிக்கிறார்; தம் உரையையும் அக்கவிதைகளின் மேலேயே அமைக்கிறார். பள்ளியைச் சிங்கள பௌத்தப் பள்ளியாக்க விரும்பும் துணைத் தலைமையாசிரியருக்கு எதிராக அவர் நிற்பதால், தமிழ் மாணவர்களின் பாதுகாப்பு அவர் பதவியில் நீடிப்பதைச் சார்ந்திருக்கிறது. ஆனால் அர்ஜி நேசிக்கும் சிங்களச் சிறுவன் ஷெஹானைக் கொடுமையாகத் தண்டிப்பவரும் அவர்தான். அர்ஜி வேண்டுமென்றே கவிதை வரிகளைக் குழப்பி ஒப்பிக்கிறான். தலைமையாசிரியரின் உரை பொருளற்றுப்போகிறது. காலனியக் கல்விக்கு எதிரான கலகம் என்று மட்டும் இதை வாசித்தால் ஷெஹான் காணாமல் போவான். காதலுக்கான விசுவாசம் என்று மட்டும் வாசித்தால், அந்தச் செயலுக்குத் தமிழ் மாணவர்கள் கொடுக்க நேரக்கூடிய விலை காணாமல் போகும். கல்வி, இனம், இச்சை மூன்றும் ஒரே ஒப்பித்தலில் முட்டிக்கொள்வதுதான் அந்தக் காட்சியின் வலிமை. அதை இரண்டு அத்தியாயங்களாகப் பிரித்து எழுதும் ஆய்வு அந்த வலிமையை இழந்துவிடுகிறது.

காலனியத்துக்கு முந்தைய காலத்தைப் பொற்காலமாக்குவது அடுத்த தவறு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தன்பால் உறவு உள்ளிட்ட ‘இயற்கைக்கு மாறான’ பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைக் கொண்டுவந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம், வட இந்தியாவின் திருநங்கைச் சமூகத்தினரான ஹிஜ்ராக்களைப் பதிவுசெய்து கண்காணிக்க வழிவகுத்தது. இவை மறுக்க முடியாதவை. ஆயினும் இவற்றிலிருந்து, முன்பு எல்லோரும் விரும்பியவாறு வாழ்ந்தார்கள் என்ற முடிவுக்கு வர முடியாது. சாதியும் திருமணமும் குடும்பமும் இச்சையை ஒழுங்குபடுத்தியது ஆங்கிலேயர் வந்த பிறகு தொடங்கியதன்று. ஒரு பழைய பிரதியில் தன்பால் நேசம் இடம்பெறுவது, சமூகம் அதை ஏற்றுக்கொண்டது என்பதற்குச் சான்றாகிவிடாது. ஆவணக் காப்பகங்களுக்குள் புதைந்த உண்மை ஒன்று நமக்காகக் காத்திருக்கிறது என்ற நம்பிக்கையையே ஆய்வாளர் அஞ்சலி அரோண்டேகர் 2009இல் கேள்விக்குள்ளாக்கினார். கடந்த காலத்தில் முன்னோர்களைத் தேடும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் ஆசை சான்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடாது.

மேற்குலகை முன்னே சென்றதாகவும் மற்ற நாடுகளைப் பின்தொடர்பவையாகவும் நிறுத்தும் காலவரிசையும் பிழையானது. தன்பால் உறவுக்கான தடையைக் காலனிகளுக்கு ஏற்றுமதி செய்த இங்கிலாந்தே 1967இல்தான், அதுவும் ஓரளவுக்கே, அதை விலக்கியது. ஆய்வாளர்கள் ஜோசப் மசாத், ஜாஸ்பிர் புவார் இருவரும் 2007இல் வெளியான தத்தம் நூல்களில், பாலியல் விடுதலையின் பெயரால் மேற்கு தன்னை உயர்த்திக்கொள்வதை விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தை எடுத்துக்கொண்டு, ‘எங்கள் பண்பாட்டில் இப்படிப்பட்டவர்களே இல்லை’ என்ற மறுப்புக்கு முட்டுக்கொடுப்பது அதைவிடப் பெரிய பிழை. மேற்கின் வகைப்பாடுகளை மறுக்கலாம். அந்த வகைப்பாடுகளுக்குள் அடங்காமல் வாழ்பவர்களையே மறுக்க முடியாது.

இதே கவனம் பாத்திரங்களுக்கு அடையாளம் சூட்டும்போதும் தேவைப்படுகிறது. உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ (போர்வை, 1942) கதையை ஒரு பெண் தன் சிறுவயது நினைவிலிருந்து சொல்கிறாள். சிறுமியாக நவாபின் மனைவியான பேகத்தின் வீட்டில் தங்கியபோது, பேகத்தின் போர்வை அசையும்போது சுவரில் யானை போன்ற நிழலைக் காண்கிறாள். அது என்னவென்று அந்த வயதில் அவளுக்குப் பெயரிடத் தெரியவில்லை. கதையின் நுட்பம் முழுவதும் அந்த அரைகுறை அறிதலில் இருக்கிறது. காலனிய அரசு இதன்மீது ஆபாச வழக்குத் தொடுத்து லாகூர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. பேகத்துக்கு இன்றைய அடையாளப் பெயரைச் சூட்டிவிட்டுக் கடந்துபோகும் வாசிப்பு, சிறுமியின் பார்வையையும், நவாபின் புறக்கணிப்பையும், பேகத்துக்கும் பணிப்பெண் ரப்புவுக்கும் இடையிலான வர்க்க ஏற்றத்தாழ்வையும் தவறவிடுகிறது.

கடைசியாக, மேற்கோள் காட்டும்போது நேரும் ஒரு பிழை. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ 1976இல் வெளியிட்ட பாலியல் வரலாற்றின் முதல் தொகுதியைக் காலனிய நாவல்களுக்கு அப்படியே பொருத்திவிடுகிறார்கள். அந்தத் தொகுதி ஐரோப்பாவைப் பற்றியது. காலனிகள் அதில் ஏறக்குறைய இல்லை. ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் பாலியல் ஒழுக்கமே காலனிகளில் இன எல்லைகளைக் காத்த அனுபவத்தோடு சேர்ந்து உருவானது என்று மானிடவியலாளர் ஆன் லாரா ஸ்டோலர் 1995இல் வாதிட்டார். ஃபூக்கோவை மேற்கோள் காட்டும் கட்டுரை, ஸ்டோலர் எழுப்பிய இந்த எதிர்வாதத்தையும் எதிர்கொண்டாக வேண்டும்.