'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்னும் ஆய்வாளர்: மருத்துவ நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவ ஆய்வாளர்களில் பலர் நூலகரைத் தேடி வருவதில்லை. கட்டுரை வேண்டுமென்றால் மேசையில் இருந்தபடியே பப்மெட் என்னும் மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தைத் திறந்துகொள்வார்கள். 1997 முதல் அது எல்லோருக்கும் இலவசம். சந்தேகம் வந்தால் பக்கத்து அறையில் இருப்பவரைக் கேட்பார்கள். சிங்கப்பூரில் யோங் லூ லின், டியூக்-என்யுஎஸ், லீ கோங் சியான் என்று மூன்று மருத்துவப் பள்ளிகள் இருக்கின்றன. எந்தப் பள்ளி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாலும் இப்படிப்பட்டவர்களோடுதான் பழக வேண்டியிருக்கும்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: எதையும் சுயமாகச் செய்துகொள்ளும் அவர்களுடைய பழக்கத்தை ஒரு குறையாகப் பார்க்காதீர்கள். யாரும் கேட்காத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதை வருடக்கணக்கில் விடாமல் துரத்துவதுதான் அவர்கள் தொழில். அந்தப் பிடிவாதம் இல்லாவிட்டால் ஆய்வே நடக்காது. நாம் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி, அந்தக் குணத்தைத் திருத்தப் பார்ப்பதால் வருபவை.

எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். 'நூலகத்தின் புதிய சேவைகள்', 'தரவுத்தளப் பயிலரங்கு, அனைவரும் வருக' என்றெல்லாம் எழுதி அனுப்புகிறோம். அதில் இருப்பதெல்லாம் நம்மைப் பற்றிய செய்தி. டெங்கி வைரஸை ஆராய்பவருக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பதிலாக அவருடைய கடைசி இரண்டு கட்டுரைகளைப் படித்துவிட்டு, அவருக்கு மட்டும் நான்கு வரி எழுதலாம். 'உங்கள் கட்டுரையின் தேடல் பகுதியைப் படித்தேன். இதே தலைப்பில் அடுத்து சிஸ்டமேட்டிக் ரிவியூ செய்வதாக இருந்தால், எம்பேஸிலும் தேடுவதற்கான வரிகளை எழுதித் தருகிறேன்' என்றால் போதும். (சிஸ்டமேட்டிக் ரிவியூ என்பது ஒரு கேள்வியைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் முறையாகத் தேடித் தொகுத்து மதிப்பிடுவது; எம்பேஸ், பப்மெட் போன்ற இன்னொரு தரவுத்தளம்.) படிக்க நேரம் பிடிக்கும்தான். ஆனால் நூறு பேருக்கு அனுப்பும் அறிவிப்பைவிட இப்படி எழுதும் ஐந்து கடிதங்கள் மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

இதைவிடப் பெரிய தவறு, வகுப்பு எடுக்க ஆரம்பிப்பது. இருபது வருடம் ஆய்வு செய்த புரொஃபசரிடம் போய், தேடல் சொற்களை இணைக்கும் 'அண்ட்', 'ஆர்' பற்றி விளக்கம் சொன்னால் அந்தக் கதவு அன்றோடு மூடிவிடும். ஆனால் அவருக்கே தெரியாத நுணுக்கங்கள் உண்டு. நம் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. பப்மெட்டில் 'ஹார்ட் அட்டாக்' என்று சும்மா தட்டினால், அது தானாகவே 'மையோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்' என்ற மெஷ் தலைப்பையும் (மாரடைப்பின் மருத்துவப் பெயர் அது; மெஷ் என்பது கட்டுரைகளைப் பொருள்வாரியாகக் குறிக்கும் சீரான தலைப்புப் பட்டியல்) சேர்த்துத் தேடும். அதே சொற்களை மேற்கோள்குறிக்குள் போட்டால் அந்தத் தானியங்கி வேலை நின்றுவிடும். சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டாலும் அப்படித்தான். தேடலை இறுக்கிவிட்டோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, மருத்துவப் பெயரை மட்டும் பயன்படுத்தும் கட்டுரைகள் கைநழுவிப் போகும். இதை 'உங்கள் தேடல் தவறு' என்று சொல்லக் கூடாது. அவருடைய வரிகளை ஒரு பக்கமும் நீங்கள் மாற்றிய வரிகளை மறுபக்கமும் வைத்து, அவர் தேடலுக்குச் சிக்காத கட்டுரைகள் இரண்டைக் காட்டுங்கள். ஆய்வாளர் ஆதாரத்துக்குத் தலைவணங்குபவர். மீதியை அவரே பேசுவார்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். ஊட்ரம், நொவீனா மருத்துவமனை வளாகங்களில் ஆய்வு செய்பவர்களில் பலர் மருத்துவர்களும்கூட. காலையில் வார்டு, பிறகு கிளினிக், அதற்கப்புறம்தான் ஆய்வு. பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்றரை மணி நேரப் பயிலரங்கு வைத்துவிட்டு, வரவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. அவர்களுக்கு உதவி உறைக்கும் தருணங்கள் வேறு. ஒன்று, தேசிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் நிதிக்கு விண்ணப்பம் எழுதும்போது. இன்னொன்று, அனுப்பிய கட்டுரை மதிப்பீட்டாளரின் கேள்விகளோடு திரும்பி வரும்போது. சிஸ்டமேட்டிக் ரிவியூவை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் பிரிஸ்மா 2020 நெறிமுறை, தேடிய ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் முழுத் தேடல் வரிகளையும் கொடுக்கச் சொல்கிறது. 'அது எங்கே?' என்று கேட்கப்பட்ட அன்று நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், பத்துப் பயிலரங்குகள் செய்யாததை அந்த ஒரு நாள் செய்துவிடும்.

புரொஃபசரை மட்டுமே குறிவைப்பதும் வேண்டாம். உண்மையில் உட்கார்ந்து தேடுவது ஆய்வு உதவியாளரும் முனைவர் பட்ட மாணவரும்தான். அவர்களுக்கு ஒருமுறை நன்றாகச் செய்து கொடுத்தால் உங்கள் பெயர் தானாக மேலே போகும்.

நம்மிடையே மட்டும் பேச வேண்டிய ஒன்றும் இருக்கிறது. துறையில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருந்தால், 'நம்ம ஆள்தானே' என்ற உரிமை நமக்குள் வந்துவிடுகிறது. தீபாவளி விருந்தில் பார்க்கும்போது பயிலரங்குப் பேச்சை எடுக்கிறோம். அவர் மரியாதைக்குத் தலையாட்டுவார். அது சம்மதம் ஆகாது. தமிழில் பேசுவது நெருக்கம் தரும், சந்தேகமில்லை. கோப்பி குடித்துக்கொண்டே அவருடைய ஆய்வைப் பற்றிக் கேளுங்கள், அது அழகு. ஆனால் வேலைக்கான உதவியை வேலை நேரத்தில், மற்ற எல்லோருக்கும் சொல்வது போலவே சொல்லுங்கள். வீட்டில் அண்ணன் என்று அழைப்பவரைக்கூட அலுவலகத்தில் டாக்டர் என்று அழைப்பதுதான் இங்கே வழக்கம், அதை விடாதீர்கள்.

இன்னொரு பக்கம், அளவுக்கு மீறிப் பணிந்துபோவதும் தவறே. சிஸ்டமேட்டிக் ரிவியூவுக்குத் தேடலை வடிவமைத்து, பல தரவுத்தளங்களில் ஓட்டி, முறையியல் பகுதியில் அந்தப் பத்தியையும் எழுதிக் கொடுத்தவர், இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புதல் தந்து அதற்குப் பொறுப்பும் ஏற்றால், மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவான ஐசிஎம்ஜெஇயின் விதிப்படி இணை ஆசிரியராகத் தகுதி பெற முடியும். கட்டுரைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தது மட்டும் என்றால் நன்றியுரை போதும். இதை வேலை தொடங்கும் முன்பே, கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டால் இருவருக்கும் சங்கடம். சேவகர் போல் நடந்துகொள்பவரைச் சக ஆய்வாளராக நினைக்க அவர்களுக்கும் தோன்றாது.

பதில் வரவில்லை என்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையா, சரி, விட்டுவிடுங்கள். கோபம் வேண்டாம், பட்டியலிலிருந்து பெயரை நீக்கவும் வேண்டாம். அவர்கள் அடுத்த கட்டுரை வெளியிடும்போது படித்து வையுங்கள். ஒரு வருடம் கழித்து, மதிப்பீட்டாளரின் கடிதத்தோடு 'நாளைக்குள் பார்க்க முடியுமா' என்று ஒரு குறுஞ்செய்தி வரலாம். அப்போது பழைய மின்னஞ்சலை நினைவுபடுத்தாமல், அவர் இதுவரை ஓட்டிய தேடல் வரிகளை அப்படியே அனுப்பச் சொல்லி, அவற்றிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.