கொல்லாமை பேசும் சமயத்தை எடைபோடுவது எப்படி?

எந்தச் சமயமாவது முழுக்க வன்முறையற்றதாக இருக்க முடியுமா என்று கேட்டு, உண்டு இல்லை என்று ஒரே சொல்லில் விடை தேடினால் பேச்சு சண்டையில்தான் போய் நிற்கும். ஆகவே, எதையெல்லாம் இம்சையாகக் கணக்கில் கொள்ளப்போகிறீர்கள் என்பதை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதில் சமணர்கள் நம் வேலையைக் குறைத்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்வது, வீட்டுவேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது என்று இம்சையை நான்காகப் பிரித்து, இல்லறத்தார் முதலாவதை அறவே விடவேண்டும், மற்றவற்றை இயன்றவரை குறைக்கவேண்டும் என்கிறார்கள். துறவிக்கு நான்குமே விலக்கு.

அடுத்து, சமயம் விலக்கிய கொலையை அதன் பொருட்டு வேறு யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். இதற்கு நூலகம் வேண்டாம், வயலுக்குப் போனால் போதும். காவிரிப் படுகையில் எலி பயிரை வெட்டத் தொடங்கியதும், மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த தஞ்சாவூர்க் கிட்டியை மாலையில் வைத்துவிட்டு வருவார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் எலி கழுத்து இறுகிக் கிடக்கும். வரப்பு வெட்டினால் நண்டு வளை சிதையும், உழுதால் மண்புழு அறுபடும். அந்த நெல்தான் புலால் மறுத்தவர் இலையிலும் சோறாக விழுகிறது. பாவத்தைக் கிட்டி வைத்தவர் பெயரில் எழுதிவிட்டு, உண்டவரைப் புண்ணியவானாக்கும் கணக்கு எனக்கு ஒப்பவில்லை.

மூன்றாவதாக, கை ஓங்கியபோது ஒவ்வொரு தரப்பும் என்ன செய்தது என்று பாருங்கள். பெரியபுராணத்தில் வரும் தண்டியடிகள் கதையைத் திருவாரூர்க் குளக்கரையில் வைத்தே படிக்கலாம். பார்வையற்ற அவர், நட்ட கழிகளில் கட்டிய கயிற்றைத் தடவிக்கொண்டே மண் சுமந்து குளத்தைத் தோண்டுகிறார். தோண்டினால் சிற்றுயிர்கள் மாளும் என்று தடுக்கும் சமணர்கள், வாக்குவாதம் முற்றியதும் அவருடைய மண்வெட்டியைப் பறிக்கிறார்கள். முடிவில் அவர் கண்பெற, அவர்கள் கண்ணிழக்க, மன்னன் அவர்களை ஊரைவிட்டே துரத்தி, பள்ளிகள் எனப்பட்ட அவர்களுடைய மடங்களை இடிக்கிறான். பாடியவர் 12ஆம் நூற்றாண்டுச் சைவர் என்பதால் இதை நடந்த செய்தியாகக் கொள்ளவேண்டாம். ஆனால், துரத்தியதையும் இடித்ததையும் கூச்சமின்றிச் சிவனருளின் கணக்கில் அவர் சேர்த்திருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்தையும் விடக்கூடாது. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அளித்த முதலாம் இராசராசன் சைவனே. நாகப்பட்டினத்தில் எஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரத்தை, ஆங்கில அரசின் அனுமதியோடு 1867இல் இடித்தவர்கள் இயேசு சபையினர் என்னும் கத்தோலிக்கத் துறவியர். உயிர்ச்சேதமற்ற அந்த இடிப்பை உங்கள் தாளில் எந்த இடத்தில் எழுதுவீர்கள் என்று முடிவுசெய்த பிறகே மேலே செல்லுங்கள்.

பிறர் சமயத்தைத் தொடுமுன் சொந்த வீட்டிலிருந்து தொடங்குவது நல்லது. என் தாத்தா மீன் வாடை பட்டாலே எழுந்துவிடுவார். கிட்டிக்காரரிடம் செத்த எலிகளை எண்ணிப் பார்த்துக் கூலி கொடுத்தவரும் அவர்தான்.