விமானம் என்றால் பயம், ஊர் சுற்ற ஆசை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காஷ்மீரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. விமானம் என்றதுமே வயிற்றைக் கலக்குகிறது. கன்னியாகுமரியிலிருந்து கட்ராவுக்கு வாரம் ஒருமுறை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறதுதான். ஆனால் விடுப்பில் மூன்று நாள் ரயிலிலேயே கரைந்துவிடும்.

இப்படி விமானத்துக்குப் பயப்படுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, ‘பயம் போகட்டும், அப்புறம் டிக்கெட் போடலாம்’ என்று காத்திருப்பது. டிக்கெட்டை ரத்து செய்தவுடன் ஒரு நிம்மதி வருமே, அதுதான் பயத்துக்குத் தீனி. ‘நல்லவேளை, தப்பித்தோம்’ என்று மூளை பதிந்துகொள்ளும். அடுத்த முறை பயம் இன்னும் ஒரு படி ஏறியிருக்கும்.

அதற்காக முதல் பயணமே நீளமாக இருக்க வேண்டாம். சென்னை – பெங்களூரு போல ஒரு மணி நேரம் போதும். போகும்போது விமானம், வரும்போது ரயில். இரண்டு பக்கமும் விமானத்தில் போட்டுவிட்டு, திரும்பும் நாளை நினைத்தே போன ஊரை ரசிக்காமல் வருகிறவர்கள் ஏராளம். அடுத்த பயணத்தில் இரு வழியும் விமானமாக்கிவிடுங்கள். இல்லையென்றால் ரயிலே தப்பிக்கும் வழியாகிவிடும்.

விலையை மட்டும் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். வெயில் ஏறியபின் தரையிலிருந்து எழும் சூடான காற்று, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் குலுக்கும். காலை ஆறு, ஏழு மணி விமானங்கள் பெரும்பாலும் அமைதியாகப் போகும். இருக்கை இறக்கைக்கு நேராக இருக்கட்டும். வால் பக்கம் ஆட்டம் கூடுதலாகத் தெரியும். தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களுக்குப் போகும், இறக்கையில் காற்றாடி சுழலும் சிறிய ஏடிஆர் விமானங்கள் ஜெட்டைவிடத் தாழப் பறப்பவை, குலுக்கலும் சற்று அதிகம். ஆபத்தில்லை. என்றாலும் முதல் பயணத்துக்கு ஜெட்டே நல்லது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, விமானத்தின் சத்தங்களைத் தெரிந்துகொள்ளாமல் ஏறுவது. ஏர்பஸ் 320 ரகத்தில், ஓடுபாதைக்கு நகரும் முன் காலடியில் நாய் குரைப்பதுபோல ஒரு சத்தம் கேட்கலாம். பிரேக் போன்றவற்றை இயக்கும் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடத்தும் கருவி அது. மேலே எழும்பிய சில வினாடிகளில் ‘தொம்’ என்று கேட்டால், சக்கரம் மடங்கி அதன் கதவு மூடுகிறது. அடுத்து வருவதுதான் பலரும் உறைந்துபோகும் கணம்: சுமார் 1,000 முதல் 1,500 அடி உயரத்தில் இன்ஜின் சத்தம் சட்டென்று இறங்கும், விமானமே கீழே அமுங்குவதுபோல் இருக்கும். கிளம்பும்போது தேவைப்பட்ட விசை இனி வேண்டாம் என்பதால் குறைக்கப்படுகிறது. விமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது.

குலுங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு அதிர்வும் நேரே உடம்பில் இறங்கும். தோளையும் தொடையையும் தளர விடுங்கள். பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை முன்னால் இருக்கும் தட்டில் வைத்துப் பாருங்கள். அதலபாதாளத்தில் விழுவதுபோல் நமக்குத் தோன்றும் நேரத்திலும் பெரும்பாலும் தண்ணீர் லேசாக அலம்பும், அவ்வளவுதான். பெல்ட்டை மட்டும், அதைப் போடச் சொல்லும் விளக்கு அணைந்த பிறகும் கழற்றாதீர்கள். குலுக்கலில் காயம்படுகிறவர்களில் பெரும்பாலானோர் பெல்ட் போடாதவர்கள்.

மூச்சை வேகவேகமாக இழுத்து இழுத்து விடுவதும் தவறு. ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும், தலை சுற்றும்; மாரடைப்போ என்று அலறுவோம். நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். உள்ளே காற்றே இல்லை என்று தோன்றினால் ஊட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கேபினில் இருப்பது சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக் காற்றழுத்தம். ஊட்டி இருப்பது 7,350 அடியில்.

ஏறும் முன் காபி வேண்டாம், படபடப்பைக் கூட்டும். யாரோ கொடுத்த அல்பிரஸோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்ளவே கூடாது. மதுவோடு சேர்ந்தால் அது மூச்சையே அடக்கிவிடும். அரைத் தூக்கத்தில் பறந்தால், பறப்பது பழகவும் செய்யாது. மருத்துவரே எழுதிக் கொடுத்திருந்தாலும் துபாய், அபுதாபி போகிறவர்கள் இதைக் கொண்டுபோக முன்அனுமதி வாங்க வேண்டும். வீட்டில் இருக்கும்போதும் இதே படபடப்பு வருகிறதென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பயத்தை மறைத்துக்கொண்டு உட்காராதீர்கள். ஏறும்போதே வாசலில் நிற்கும் பணிப்பெண்ணிடம் “எனக்குப் பறக்க பயம்” என்று சொல்லிவிடுங்கள். இப்படிச் சொல்கிறவர்களைக் கவனித்துக்கொள்வது அவர்களுக்குப் பழக்கம்.