சுரைப் பிஞ்சு வெம்பி உதிர்கிறதா? மாலையில் மாடிக்குப் போங்கள்

எங்கள் மாடித்தோட்டத்தில் சுரைக்கொடி பந்தலை மூடிப் படர்ந்திருந்தது. பூவுக்கும் குறைவில்லை. ஆனால் பிஞ்சு கட்டைவிரல் அளவுக்கு வந்ததும் நுனி மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்துவிடும். பஞ்சகவ்யம் தெளித்தேன், மீன் அமிலம் ஊற்றினேன், ஒன்றும் பலிக்கவில்லை. மகரந்தம் வந்து சேராத பூவுக்கு எந்த உரமும் உதவாது என்று பிறகுதான் புரிந்தது. ஆண் பூவின் மகரந்தத்தை நாமே கையால் பெண் பூவில் தடவிவிட வேண்டும்.

முதலில் ஆண் பூவையும் பெண் பூவையும் பிரித்துப் பாருங்கள். ஒரே கொடியில் இரண்டும் தனித்தனியாக வரும். ஆண் பூவுக்கு நீண்டு மெலிந்த காம்பு இருக்கும். பெண் பூவுக்கு இதழ்களின் அடியிலேயே வெண்ணிற மயிர் படர்ந்த குட்டிச் சுரைக்காய் ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் சூலகம். தொடக்கத்தில் ஆண் பூக்களே வரும், பதற வேண்டாம்.

அடுத்தது நேரம். நான் வாரக்கணக்கில் கோட்டைவிட்டது இங்கேதான். பரங்கிப்பூ விடியற்காலையில் விரியும் என்பதால் சுரைக்கும் காலை 8 மணிக்கே போய் நின்றேன். கைக்குக் கிடைத்தவை எல்லாம் துவண்ட பூக்கள். சுரைப்பூ விரிவது மாலையில். வெள்ளை நிறம் அந்துப்பூச்சிகளுக்கு இருட்டிலும் தெரியும். பீர்க்கும் மாலையில்தான், புடல் இருட்டத் தொடங்கியபின். பாகலும் பரங்கியும் காலையில். எந்தக் கொடியானாலும் ஒருநாள் முழுக்கக் கவனித்து, பூ விரியும் நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை 6 மணி வாக்கில், அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு பறியுங்கள். இதழ்களை உரித்தால் நடுவில் மகரந்தத்தண்டு மட்டும் நிற்கும். விரலால் தொட்டால் மஞ்சள் பொடி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு பூவைப் பாருங்கள். பெண் பூவின் நடுவே, மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். மூன்று மடல்களிலும் மெதுவாகத் தடவுங்கள். ஒரு மடலோடு நிறுத்தினால் காய் கோணலாக வளரக்கூடும். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூக்களைப் பயன்படுத்துவது என் வழக்கம்.

தூரிகையும் காது குடையும் பஞ்சுக்குச்சியும் வேண்டவே வேண்டாம். சுரையின் மகரந்தம் பிசுபிசுப்பானது. பாதி தூரிகையிலேயே தங்கிவிடும். ஆண் பூவை விடச் சிறந்த கருவி இதற்கு இல்லை.

தடவியபின் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு மகரந்தத் தூளும் முளைத்து, ஒரு குழலைச் சூலகத்துக்குள் இறக்கும். அதன் வழியே இரண்டு ஆண் அணுக்கள், பின்னால் விதையாக மாறும் சூலை அடையும். ஒன்று முட்டையுடன் சேர்ந்து கருவாகிறது. மற்றொன்று நடுச் செல்லுடன் சேர்ந்து, வளரும் கருவுக்கு உணவூட்டும் திசுவாகிறது. இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-இல் ரஷ்யத் தாவரவியலாளர் செர்கேய் நவாஷின் லில்லி இனச் செடிகளில் கண்டறிந்தார். ஒரு விதைக்கு ஒரு மகரந்தத் தூளாவது வேண்டும். சுரைக்காயை நறுக்கி உள்ளே எத்தனை விதை என்று எண்ணிப் பாருங்கள், தாராளமாகத் தடவச் சொல்வது ஏன் என்று விளங்கும்.

இரண்டு மூன்று நாளில் பிஞ்சு பருத்துக் கீழ்நோக்கித் தொங்கினால் வேலை பலித்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில், நகம் எளிதில் இறங்கும் பதத்தில் பறித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: மழை நாளில் செய்தும் பிஞ்சு உதிர்ந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். நனைந்த மகரந்தம் வீணாகிவிடும். மழை வரும்போல் இருந்தால் ஆண் பூவை விரியும் முன்பே பறித்து, காம்பை நீரில் நிறுத்தி வீட்டுக்குள் வையுங்கள். தடவியபின் பெண் பூவின்மேல் ஒரு காகிதக் கூம்பைக் கவிழ்த்துவிடுங்கள். பரங்கியின் ஆண் பூவைச் சுரைக்குத் தடவலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். காய்க்காது, இரண்டும் வேறு பேரினம். அன்று உங்கள் கொடியில் ஆண் பூ இல்லையென்றால் பக்கத்து வீட்டுச் சுரைக்கொடியில் ஒன்று கேட்டு வாங்கி வாருங்கள்.