மீனாட்சி அம்மாளின் கதையை லயத்து வாசலில் சொல்வது எப்படி

இந்தக் கதையைக் கேட்க உங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்களை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 3 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். வாரம் முழுக்க மலையில் கொழுந்து எடுத்தவர்களுக்கு அந்த ஒரு நாளில்தான் உடுப்புத் துவைக்கவும், விறகு சேர்க்கவும், பிள்ளைக்குத் தலை பார்க்கவும் நேரம். சம்பள வாரம் வேண்டாம், கடை கண்ணிக்குப் போய்விடுவார்கள். இடத்துக்கும் அலைய வேண்டாம். லயத்து வாசலில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின் முன்னால், ரெண்டு படங்கை விரித்தால் போதும். மண்டபத்தில் வைத்தால் ஆம்பிளைகள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள், பொம்பிளைகள் கதவோரம் நிற்பார்கள்.

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவை 21 வருடம் பார்த்தவள் நான். நம் பெண்களுக்கு வாக்கு எப்படி வந்தது, எப்படிப் போனது, யார் அதற்காக நின்றார்கள் என்பதைப் பல தோட்டங்களில் சொல்லியிருக்கிறேன். நீங்களும் உங்கள் தோட்டத்தில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வருடத்தில் தொடங்காதீர்கள். 'பேர்' என்ற சொல்லில் தொடங்குங்கள். தோட்டத்தில் அது ஒரு நாள் சம்பளக் கணக்கு: எடுத்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், நிறைந்தால் முழுப்பேர். அந்தச் சொல்லின் பாரம் நம் பெண்களுக்குத் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் சம்பளம் என்பதே 1984இல்தான் வந்தது என்று சொல்லுங்கள், வயதானவர்கள் தலையாட்டுவார்கள். அப்புறம் கேளுங்கள்: "வாக்காளர் இடாப்பிலயும் உங்களுக்கு ஒரு பேர் இருக்கே, அதை மொதல்ல கேட்டது யாரு?" அந்தக் கேள்விக்கு இதுவரை எந்தத் தோட்டத்திலும் எனக்குப் பதில் வந்ததில்லை. அங்கேதான் மீனாட்சி அம்மாளை உள்ளே அழைத்து வர வேண்டும்.

தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி அவர். ஆனால் அந்த அறிமுகத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகையில் ஆசிரியர் வேலை பார்த்தவர், பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்று அதிலே எழுதியவர். 1931இல் நடேசய்யர் அட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கியபோது, அந்த வேலையிலும் கூட நின்றார். தோட்டத்தை நடத்தும் துரை சம்மதிக்காமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாத காலம். நடேசய்யரே புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போயிருக்கிறார். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்திடம் எப்படிப் போவது? மீனாட்சி அம்மாள் பாடினார். கூட்டங்களில் பாடினார், பாட்டை அச்சடித்துக் கொடுத்தார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்று பாட்டுப் புத்தகமே போட்டார்.

ஆகவே நீங்களும் பேசிக்கொண்டே இருக்காதீர்கள். லயத்தில் கும்மிக்கு முதலடி எடுத்துக்கொடுக்கிற ஒரு ஆள் எப்போதும் உண்டு. அவரிடம் முதல் நாளே சொல்லி, இந்தக் கதையிலிருந்து நாலு வரியைக் கும்மி மெட்டில் கட்டச் சொல்லுங்கள். சந்தம் கொஞ்சம் இடித்தாலும் பரவாயில்லை.

அடுத்தது கண்டிக் கதை. இதை விட்டுவிடவே கூடாது. ஆக்னஸ் டி சில்வா, ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் குடும்பத்தில் பிறந்தவர், கண்டி அரசியல்வாதி ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் மனைவி. 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கியபோது அதன் செயலாளர். இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றுவது பற்றி ஆராய ஆங்கில அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு விசாரணைக்கு வந்தபோது சங்கத்துப் பெண்கள் நேரில் போய்ச் சாட்சியம் சொன்னார்கள். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று அங்கே கேட்டார்கள். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்று ஆக்னஸ் பதில் சொன்னார்.

இந்த இடத்தில் ரெண்டு பிள்ளைகளை எழுப்பி நடிக்க விடுங்கள். ஒருத்தி கதிரையில் ஆணையாளர், மற்றவள் ஆக்னஸ். "அவங்களும் பொம்பிளைங்கதானே" என்று சின்னப்பிள்ளை சத்தமாகச் சொல்லும்போது வாசலே அமைதியாகிவிடும். நம் மொழி பேசாத, நம் லயத்தில் வாழாத ஒரு பெண் நம்மை விட்டுவிடாமல் பேசியதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. உடனே அடுத்த கதைக்குத் தாவாதீர்கள், கொஞ்ச நேரம் விடுங்கள்.

ஆணைக்குழு முதலில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு மட்டும்தான் வாக்கு என்றது, பிறகு ஆண்களைப் போலவே 21 என்று ஆனது. 1931 ஜூனில் முதல் தேர்தல். இங்கே நான் செய்த பிழையை நீங்கள் செய்யாதீர்கள். ஒரு தடவை "அன்னைக்கே நம்ம எல்லாருக்கும் வாக்குக் கெடச்சுருச்சு" என்று சொல்லிவிட்டேன். கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு தாத்தா எழும்பி, "எல்லாருக்கும் இல்லம்மா" என்றார். அவர் சொன்னதுதான் சரி. நம் ஆட்களிடம் நிரந்தரமாக இங்கே குடியிருப்பவர்கள் என்பதற்குச் சான்று, 5 வருட வசிப்பு என்றெல்லாம் நிபந்தனை கேட்டார்கள். பலர் வெளியிலேயே நின்றார்கள்.

பிறகு நம் ஆட்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய 1948இன் குடியுரிமைச் சட்டத்தையும், 1949இல் நம் ஆட்களின் வாக்கு பறிபோனதையும் சொல்லுங்கள். இதை நீங்கள் விளக்குவதை விட, இருக்கிற கிழவிகளிடம் கேட்பது நல்லது. என் அம்மாயி 1947 தேர்தலில் வாக்குப் போட்டவர், 23 வயதில். அதற்குப் பிறகு குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தும், பிறந்த பதிவு காட்ட வழியில்லாமல் தள்ளிவிட்டார்கள். நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுத்த 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, 1989இல்தான் அடுத்த வாக்கு. 42 வருடம். அவர் இதைச் சொன்ன அன்று நான் கைபேசியில் பதிவு செய்யவில்லை என்ற வருத்தம் இன்னும் போகவில்லை. நீங்கள் பதிவு செய்யுங்கள், ஆனால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு. அழுதால் நிறுத்திவிடுங்கள், தேத்தண்ணி கொடுங்கள்.

கடைசி அரை மணி நேரத்தை வாக்காளர் இடாப்புக்கு, அதாவது பெயர்ப் பட்டியலுக்கு, ஒதுக்குங்கள். எல்லோரையும் அடையாள அட்டையோடு வரச் சொல்லியிருக்க வேண்டும். கிராம சேவகரிடம் இருக்கும் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள். மூன்று இடத்தில் பிழை இருக்கும். கல்யாணமாகி வேறு தோட்டத்திலிருந்து வந்த பெண்ணின் பேர் பிறந்த தோட்டத்திலேயே கிடக்கும். சிங்களத்தில் எழுதியபோது பேர் மாறிப்போயிருக்கும். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போன பிள்ளையின் பேர் எங்குமே இருக்காது. ஒரு கொப்பியில் வீடு வீடாகக் குறித்து, மறுநாளே கிராம சேவகரிடம் கொண்டுபோங்கள். தனியாகப் போக வேண்டாம், நாலு பேராகப் போங்கள்.

போன மாசம் ஒரு தோட்டத்தில் இப்படி எழுதியபோது 11 பேர்கள் விடுபட்டிருந்தன. அதில் ஒன்று, அன்றைக்கு ஆக்னஸாக நடித்த பிள்ளையின் அம்மாவுடையது.